சுவையை எழுதும் வரி: புத்தளம் கரையோரத்தில் கள், சாராயம், சுவையேற்றிய மது

எலுமிச்சை, அன்னாசி, இஞ்சி, கறுவா என ஏதேனும் ஒரு சுவையை ஏற்றி, இனிப்பும் சேர்த்து, போத்தலிலோ டின்னிலோ அடைத்து விற்கப்படும் மதுவகைகள் கடந்த 30 ஆண்டுகளில் உலகச் சந்தையில் தமக்கென ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஜப்பானில் 1980களிலேயே டின்னில் அடைத்த 'சூஹாய்' பரவியிருந்தது. 1990களின் நடுப்பகுதியில் ஆஸ்திரேலியாவிலும் பிரித்தானியாவிலும் எலுமிச்சைச் சுவை மதுக்கள் வந்தன. அமெரிக்காவில் கடந்த பத்தாண்டின் பிற்பகுதியில் சுவையேற்றிய சோடா மது பெருகியது. இந்த வளர்ச்சிக்கு வணிகர்கள் சொல்லும் காரணம் ஏறக்குறைய எல்லா நாட்டிலும் ஒன்றுதான்: புதிய தலைமுறையின் நாக்கு மாறிவிட்டது, அதற்குக் கசப்பும் காரமும் வேண்டாம், இனிப்பும் பழவாசமும் வேண்டும். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இது பாதிக் காரணம்கூட அல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம். ஓர் ஊரில் எந்த மது எந்தச் சுவையில் விற்கும் என்பதை முதலில் தீர்மானிப்பவை இரண்டு: அதன் மூலப்பொருள் எத்தனை மணி நேரத்தில் கெட்டுப்போகிறது என்பதும், அரசு எதன்மீது எவ்வளவு வரி விதிக்கிறது என்பதும். குடிப்பவரின் நாக்கு இவ்விரண்டுக்கும் பிறகுதான் வருகிறது. இதைச் சோதித்துப் பார்க்க இலங்கையின் புத்தளம் மாவட்டக் கரையோரம் மிகப் பொருத்தமான இடம். மதுவுக்குரிய மூலப்பொருள் அங்கே மரத்திலேயே தொங்குகிறது. ஆனால் அங்குள்ள மதுக்கடைகளில் விற்பவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு அந்த மரத்தோடு தொடர்பில்லை.

மா ஓயாவின் வடகரையில் உள்ள வாய்க்காலிலிருந்து வென்னப்புவ, மாரவில, மாதம்பை வழியாகச் சிலாபம் வரை நீளும் பகுதி முழுவதும் தென்னை. கொழும்பு, குருநாகல், சிலாபம் ஆகியவற்றை இணைத்துத் 'தெங்கு முக்கோணம்' என்று சொல்லும்போது அதன் கடற்கரை முனை இதுதான். நாட்டின் தெங்கு ஆராய்ச்சி நிறுவகம் 1929 இல் தொடங்கப்பட்டு இன்றும் இயங்குவது இப்பகுதியின் லுணுவிலவில். சிலாபத்தைத் தாண்டி தெதுறு ஓயாவைக் கடந்ததும் மழை குறைகிறது. உடப்பு, முந்தல் வழியாகப் புத்தளம், கற்பிட்டி நோக்கிச் செல்லச் செல்லத் தென்னையோடு பனையும் கலந்து நிற்கிறது. மக்களும் இப்படியே மாறுகிறார்கள். தெற்கே பெரும்பான்மையாகக் கத்தோலிக்கர், முன்னேஸ்வரத்திலும் உடப்பிலும் தமிழ் இந்துக்கள், புத்தளம் நகரிலும் கற்பிட்டிக் குடாநாட்டிலும் பெருமளவில் முஸ்லிம்கள். ஆகவே 'புத்தளம் மாவட்டச் சந்தை' என்று ஒரே சந்தையைக் கற்பனை செய்வதே தவறு. தெற்கில் திருமணம், ஞானஸ்நானம், திருவிழா எல்லாவற்றிலும் மதுவுக்கு இடமுண்டு. வடக்கில் பெரும்பாலான குடும்பங்களுக்கு அது மார்க்கத்தால் விலக்கப்பட்டது. அங்கே விற்பனை, வெளியிலிருந்து வருவோரையும் உல்லாசப் பயணிகளையும் பெரிதும் சார்ந்தது. மாவட்டம் முழுவதற்கும் சராசரி எடுத்து 'மக்களின் விருப்பம்' என்று ஒன்றைச் சொன்னால் அது எந்த ஊரின் விருப்பமாகவும் இராது.

மரத்திலிருந்து தொடங்குவோம். விரியாத தென்னம்பாளையைக் கட்டி, இலேசாகத் தட்டிப் பதப்படுத்தி, நுனியை மெல்லியதாகச் சீவினால் சாறு வடியும். நாள்தோறும் சீவினால் ஒரு மரம் 1 முதல் 2 லீற்றர் வரை தரும். அச்சாற்றில் ஏறக்குறைய 15 சதவீதம் சீனி. முட்டியில் சுண்ணாம்பு தடவினால் புளிப்பு தடைப்பட்டுப் பதநீராக நிற்கும். ஹல் மரத்தின் பட்டையை இட்டுப் புளிப்பைத் தாமதப்படுத்தும் வழக்கமும் இலங்கையில் உண்டு. ஒன்றும் செய்யாமல் விட்டால், காற்றிலும் முட்டியிலும் உள்ள ஈஸ்ட் சில மணி நேரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும். ஒரு நாளுக்குள் மதுசாரம் 5 முதல் 8 சதவீதம் வரை ஏறும்; அதற்குமேல் வைத்தால் புளித்து வினாகிரியாகிவிடும். காலையில் இறக்கிய கள்ளின் இனிப்பு நண்பகலில் இல்லை. நண்பகலின் நுரை மாலையில் இல்லை. இன்றைய சந்தை மொழியில் 'குறைந்த மதுசாரம், இயற்கை இனிப்பு, இயற்கை நுரை, பழவாசம்' என்று எவையெல்லாம் புதுமையாக விற்கப்படுகின்றனவோ, அவை அனைத்தும் கள்ளில் பிறவியிலேயே இருக்கின்றன. கள்ளிடம் இல்லாதது ஆயுள் ஒன்றுதான். சுவை நிறைந்த மது ஒரு பகல்பொழுதுக்குமேல் நிற்காது என்ற இந்த இயற்கை விதிதான் இக்கரையின் மதுச் சந்தை வரலாற்றை முன்செலுத்தியது.

கள்ளின் குறுகிய ஆயுளுக்கு மனிதர் கண்ட விடை வடித்தல். புளித்த கள்ளை உடனே வடிசாலைக்குக் கொண்டுபோய் வடித்தால் அது தென்னஞ்சாராயமாகி ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஹல்மில்ல மரத்தாலான பெரும்பீப்பாய்களில் வைத்தால் நிறமும் வாசமும் கூடும். ஆனால் நிற்கும் பொருளின்மீதுதான் வரி வசூலிக்க முடியும் என்பதை ஆட்சியாளர்கள் விரைவிலேயே கண்டுகொண்டனர். ஒல்லாந்தர் காலத்தில் சாராயக் குத்தகை அரச வருமானத்தில் நிலைபெற்றது. ஆங்கிலேயர் அதை ஏலமுறையாக விரித்தனர். குத்தகை எடுத்தவர்கள் பெரும் செல்வந்தரானார்கள். இலங்கையின் முதலாளி வர்க்கத்தின் தொடக்க மூலதனத்தில் சாராயக் குத்தகைக்கு எவ்வளவு பங்கு என்பதைக் குமாரி ஜயவர்தன 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது ஆய்வு நூலில் விரிவாக நிறுவியிருக்கிறார். 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கள்ளுத்தவறணைகள் சாராயத் தவறணைகளிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி உரிமம் பெற்றன. கள்ளுக்கடைகள் நாடெங்கும் பெருகுவதைக் கண்டு எழுந்த மதுவிலக்கு இயக்கத்தில்தான் டி. எஸ். சேனநாயக்க போன்றோர் அரசியலுக்குப் பயின்றார்கள். அந்த இயக்கத்தின் அறச்சீற்றத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் அதன் பின்விளைவு ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. அன்று வகுக்கப்பட்ட உரிமம், குத்தகை, சோதனை என்ற கட்டமைப்பு நாளுக்கு நாள் கெட்டுப்போகும் கள்ளைவிட, கெடாத சாராயத்துக்கே வசதியாக அமைந்தது.

அடுத்த மாற்றம் நுட்பமானது. பலரின் கண்ணுக்கும் தெரியாதது. சாராயம் என்ற பெயர் அப்படியே இருக்க, அதன் உள்ளடக்கம் மாறியது. அரச வடிசாலைக் கூட்டுத்தாபனம் 1974 இல் உருவாகி, 1990களின் தொடக்கத்தில் தனியார் கைக்குப் போனது. இதற்கிடையில் சீனி ஆலைகளின் கழிவான கரும்புப் பாகிலிருந்து வடித்த மலிவான மதுசாரம் சாராயத்தின் பெரும்பகுதியாயிற்று. தூய தென்னஞ்சாராயம் விலையுயர்ந்த தனிவகையாக ஒதுங்க, அன்றாடம் விற்பனையாகும் 'விசேட' வகைகள் கரும்பு மதுசாரத்தையே அடிப்படையாகக் கொண்டன. 2020 ஜனவரியில் எதனோல் இறக்குமதியை அரசு தடைசெய்தபோது பெல்வத்தை, செவனகல, ஹிங்குரான சீனி ஆலைகளின் வடிப்பு மேலும் முக்கியமாயிற்று. இங்கேதான் என் வாதத்தின் மையம் இருக்கிறது. கரும்புப் பாகிலிருந்து மீண்டும் மீண்டும் வடித்துத் தூய்மையாக்கிய மதுசாரத்துக்குச் சுவை இல்லை; அது எந்த ஊரின் வாசத்தையும் சுமப்பதில்லை. சுவையில்லாத ஒன்றைக் குடிக்க வைக்க வேண்டுமானால் சுவையை வெளியிலிருந்து ஏற்றத்தான் வேண்டும். சாராயத்தோடு இஞ்சிச் சோடாவையோ கோலாவையோ கலந்து குடிக்கும் வழக்கம் இலங்கை முழுவதும் இருப்பதற்கு இதுவும் காரணம். அதாவது சுவையேற்றிய மது இங்கே ஆலையில் தோன்றுவதற்கு முன்பே மேசையில் தோன்றிவிட்டது. ஆலை செய்வது, குடிப்பவர் தாமே செய்துவந்த கலப்பைத் தன் லாபக் கணக்குக்குள் கொண்டுவருவது மட்டுமே.

வரி சுவையை எழுதுகிறது என்பதற்கு வெளிநாட்டுச் சான்றுகள் இன்னும் தெளிவானவை. ஜெர்மனி 2004 இல் சுவையேற்றிய சாராயக் கலவைகளுக்குத் தனிவரி விதித்தது. ஒரு சிறு போத்தலுக்கு 80 யூரோ சதத்துக்கு மேல் கூடுதல் சுமை. சில ஆண்டுகளிலேயே அந்த வகை கடைத் தட்டுகளிலிருந்து பெருமளவு மறைந்தது. ஆனால் அதே இனிப்பும் அதே பழவாசமும், வரிக்குள் சிக்காத பியர் கலவையாகவும் வைன் கலவையாகவும் திரும்பி வந்தன. ஆஸ்திரேலியா 2008 ஏப்ரலில் தயார்நிலைக் கலவைகளின் வரியை ஒரு லீற்றர் தூய மதுசாரத்துக்கு 39.36 டொலரிலிருந்து 66.67 டொலராக ஒரே இரவில் உயர்த்தியது. கலவைகளின் விற்பனை விழுந்தது. குடிப்பவர்களில் ஒரு பகுதியினர் முழுப் போத்தல் மதுவை வாங்கித் தாமே கலந்துகொண்டனர். அமெரிக்காவின் சுவையேற்றிய சோடா மதுவில் பெரும்பகுதி ஏன் வடித்த மதுசாரத்தில் செய்யப்படாமல், புளிக்கவைத்த சீனியிலோ மால்ட்டிலோ செய்யப்படுகிறது? அப்படிச் செய்தால் பியருக்குரிய குறைந்த வரியே விழும். பலசரக்குக் கடையிலும் விற்கலாம். ஜப்பானில் பியரின் வரி மால்ட்டின் அளவைப் பொறுத்திருந்ததால், மால்ட் குறைந்த, பின்னர் மால்ட்டே இல்லாத 'பியர் போன்ற' பானங்கள் பெருகின. அந்த வரி வேறுபாட்டை 2020, 2023, 2026 என மூன்று படிகளில் ஒழிக்க அரசு முடிவுசெய்தது. இந்த நான்கு நாடுகளிலும் நாக்கு அப்படியே இருக்க, போத்தலுக்குள் இருந்தது மட்டும் மாறியது.

புத்தளம் கரைக்கு நெருங்கிய ஒப்பீடு ஒன்று பிலிப்பைன்ஸில் உண்டு. அங்கே கேசோன் மாகாணத்தில் தென்னங்கள்ளை வடித்து எடுக்கும் 'லம்பனோக்' நம் தென்னஞ்சாராயத்தின் உடன்பிறப்பு. ஏற்றுமதிக்கும் இளையோர் சந்தைக்குமாக அதில் மாம்பழம், கறுவா, ஏன், பபிள்கம் சுவைவரை ஏற்றினார்கள். விற்பனை கூடியது உண்மை. ஆனால் சுவையின் மறைவில் தரத்தை இழந்த பொருளும் எளிதில் சந்தையில் நுழைந்துவிட முடியும். 2019 டிசம்பரில் மெதனோல் கலந்த லம்பனோக் குடித்து லகூனா, கேசோன் மாகாணங்களில் பலர் இறந்தனர். 300 க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். அந்த நச்சு எந்தச் சுவைப் போத்தலில் வந்தது என்பதைவிட, வாங்குபவர் தம் நாக்கால் சோதிக்கும் வாய்ப்பை இழந்திருப்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. தென்னங்கள்ளின் வாசம் தெரிந்தவருக்கு அது கெட்டதா, கலப்படமா என்று ஓரளவு தெரியும். பபிள்கம் வாசத்துக்குப் பின்னால் இருப்பது என்னவென்று யாராலும் சொல்ல முடியாது.

இலங்கையின் வரிமுறை இப்போது எதை ஊக்குவிக்கிறது? மதுவரி, மதுவகைகளைப் பல பிரிவாக்கி, பெரும்பாலும் தூய மதுசார லீற்றர்க் கணக்கில் விதிக்கப்படுகிறது. பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அது விரைந்து ஏறியது: 2023 ஜனவரியில் 20 சதவீதம், அதே ஆண்டு ஜூலையில் மேலும் 20, 2024 ஜனவரியில் 14, 2025 ஜனவரியில் 6. ஒன்றன்மேல் ஒன்றாகக் கணக்கிட்டால் இரண்டே ஆண்டுகளில் ஏறக்குறைய 74 சதவீத உயர்வு. சம்பளம் அந்த வேகத்தில் ஏறவில்லை. அப்போது குடிப்பவர் பார்ப்பது சுவையை அல்ல. கொடுக்கும் காசுக்கு எவ்வளவு போதை என்பதைத்தான். இலங்கையின் பியர்ச் சந்தையில் பெரும்பங்கு 8 சதவீதத்துக்கு மேற்பட்ட கடும் பியருக்கே உரியது என்பதை வேறெப்படியும் விளக்க முடியாது. வெப்பம் மிகுந்த கடற்கரை நாட்டில் இலேசான பியர்தான் இயல்பான தேர்வாக இருந்திருக்க வேண்டும். சுவையேற்றிய இலேசான மதுக்கள் இங்கே விடுதிகளிலும் வசதியானோர் வீடுகளிலும் தங்கிவிட்டு, தவறணைக்குள் இறங்காமல் இருப்பதற்கும் இதுவே காரணம். ஒரே விலையில் மூன்று மடங்கு போதை தரும் கால் போத்தல் பக்கத்திலேயே இருக்கும்போது, உழைப்பவர் அன்னாசிச் சுவைக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

வரியின் மறுமுனையில் கசிப்பு நிற்கிறது. சிலாபம், முந்தல், புத்தளம் களப்புகளின் கரையோரக் கண்டல் காடுகள் கசிப்புக் காய்ச்சுவோருக்கு வசதியான மறைவிடங்கள். சீனியையும் ஈஸ்டையும் நீரில் கரைத்துப் பீப்பாய்களில் புளிக்கவைத்த 'கோடா'வைக் காய்ச்சி இறக்குகிறார்கள். வாசத்துக்காகப் பழங்களைப் போடுவதும் உண்டு. இதையும் நாம் சந்தையின் ஒரு பகுதியாகவே எண்ண வேண்டும். வரி கட்டாத, ஆய்வுக்கு உட்படாத, மலிவான, சுவையேற்றிய மது என்ற வரையறை கசிப்புக்கும் பொருந்துகிறது. இன்னொரு சீர்கேடும் உண்டு. சீனிக் கரைசலை இரசாயனங்களோடு புளிக்கவைத்துக் கள்ளென்று விற்கும் செயற்கைக் கள் மதுவரித் திணைக்களத்தின் சோதனைகளில் திரும்பத் திரும்பப் பிடிபடுகிறது. கள் இறக்கும் ஆட்கள் குறைந்து, கள்ளுக்கான தேவை குறையாத இடத்தில் இது தோன்றுவது வியப்பில்லை. மரத்தின் சுவையைச் சட்டத்தாலும் பொருளாதாரத்தாலும் அருமையாக்கிவிட்டால், அதன் இடத்தைப் போலிச் சுவை பிடித்துக்கொள்ளும்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதலாவது, மிக வலுவானது, உடல்நலம் பற்றியது. மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என்று உலக சுகாதார அமைப்பு 2023 ஜனவரியில் அறிவித்தது. அப்படியிருக்க எந்த மதுவின் சுவையைப் பற்றியும் ஏன் கவலைப்பட வேண்டும்? என் பதில்: கவலைப்பட வேண்டியது அதனால்தான். இலங்கையில் 2015 இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி ஆண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மது அருந்துபவர். பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இனிப்பூட்டிய, சோடா போன்ற மதுவை எந்த நிறுவனம் கொண்டுவந்தாலும் அதன் வளர்ச்சிக் கணக்கு இதுவரை குடிக்காத அந்தப் பெரும்பான்மையை நோக்கியே இருக்கும்: பெண்களையும், 21 வயதைத் தொட்ட இளையோரையும். புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபையை நிறுவிய 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் விளம்பரத்தைத் தடைசெய்து, 21 வயதுக்குக் குறைந்தோருக்கு விற்பதையும் தடுக்கிறது. ஆனால் இனிப்பே ஒரு விளம்பரம். அதைச் சட்டம் தொடவில்லை. 2018 ஜனவரியில் பெண்கள் மது வாங்குவதற்கான தடையை அன்றைய நிதி அமைச்சர் மங்கள சமரவீர நீக்கியதும், சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திருப்பியதும் நினைவிருக்கலாம். அந்த விவாதம் உரிமை, பண்பாடு என்ற இரு முனைகளில் நின்றுவிட்டது. யாருக்காக எந்தப் பொருள் தயாராகிறது என்ற கேள்வி எழவே இல்லை. பெண்ணின் வாங்கும் உரிமையை மறுப்பது அநீதி என்றே நான் கருதுகிறேன். அந்த உரிமையைச் சாக்காக வைத்து இனிப்பு மதுவுக்குப் புதிய சந்தை திறப்பதையும் ஏற்க மாட்டேன்.

இரண்டாவது மறுப்பு வணிகருடையது. கள்ளைப் பற்றிய பேச்சு பழமைப் பற்று; நாளைக்கு நிற்காத பொருளை நாடு முழுவதும் விற்க முடியாது என்பார்கள். ஓரளவு சரி. சூடேற்றிப் பதப்படுத்திப் போத்தலில் அடைத்தால் கள் நிற்கும், ஆனால் உயிர்ச்சுவையில் பாதி போய்விடும். வடமாகாணத்தில் பனை அபிவிருத்திச் சபையும் கூட்டுறவுச் சங்கங்களும் பனங்கள்ளைப் போத்தலில் அடைத்து விற்றும் ஏற்றுமதி செய்தும் காட்டியிருக்கின்றன. திக்கம் வடிசாலை பனஞ்சாராயத்துக்குப் பெயர்பெற்றது. அவை பெருவணிகமாகவில்லை என்பது உண்மை. ஆனால் ஏன் ஒவ்வொரு பொருளும் நாடு முழுவதும் விற்க வேண்டும்? கோவா தன் முந்திரி பெனிக்கு 2009 இல் புவிசார் குறியீடு பெற்றது. 2016 இல் அதை மரபுப் பானமாக அறிவித்தது. அதன் மதிப்பு அந்த மண்ணுக்குரியது என்பதாலேயே கூடியது. இலங்கையின் ரொக்லண்ட் வடிசாலை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வெளிநாட்டு மூலிகைகள் கிடைக்காதபோது உள்ளூர்ச் சரக்குகளை வைத்து ஜின் செய்தது. கறுவா, கறிவேப்பிலை, கொத்தமல்லி, இஞ்சி சேர்ந்த அந்தச் செய்முறையின் வழிவந்ததே இன்று வெளிநாடுகளில் விற்கும் 'கொழும்பு நம்பர் 7' ஜின். சுவை மண்ணிலிருந்து வரும்போது விலையும் அதோடு வருகிறது என்பதற்கு இது நல்ல சான்று. ஆயினும் இங்கும் அடிமதுசாரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை நாம் கைவிடக்கூடாது.

நாக்கு உண்மையிலேயே மாறிவிட்டது என்போருக்கும் ஒரு வார்த்தை. வென்னப்புவவிலிருந்து இத்தாலிக்கு உழைக்கச் சென்றோர் ஏராளம். அந்த ஊரைச் 'சின்ன இத்தாலி' என்றே அழைக்கிறார்கள். அவர்களோடு வந்த பழக்கங்கள் தெற்குக் கரையின் விருந்துகளை மாற்றியிருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பே. வடக்கே, அரசு 14 தீவுகளை உள்ளடக்கி வகுத்த கற்பிட்டி உல்லாசத் திட்டமும், மே முதல் ஒக்டோபர் வரை வீசும் காற்றை நம்பி வரும் பட்டச்சறுக்கு விளையாட்டுப் பயணிகளும் ஆலங்குடா கரையில் புதிய விடுதிகளை வரவழைத்திருக்கிறார்கள். இந்த இரு கூட்டத்தாரும் சுவைக்குப் பணம் கொடுக்கக்கூடியவர்கள். ஆனால் நாக்கு மாறியதற்கு இவர்களைச் சான்றாகக் காட்டுவோர் கவனிக்காத ஒன்றுண்டு: இவர்களிடம் பணம் இருப்பதால்தான் வரி இவர்களின் தேர்வை அழுத்தவில்லை. வரியின் பாரம் குறைந்த இடத்தில்தான் நாக்கு பேசத் தொடங்குகிறது. அந்தப் பேச்சுக்கும் கற்பிட்டியின் தென்னையும் பனையும் பதில் சொல்லாமல், வேறெங்கோ வடித்த மதுசாரமும் இறக்குமதிப் பழச்சாறும் பதில் சொல்லுமானால், மண்ணுக்கு அதனால் என்ன மிச்சம்? முஸ்லிம் மீனவக் கிராமங்களின் நடுவே எழும் விடுதிகள் தம் மதுப் பட்டியலை விரிக்கும் முன் அக்கிராமங்களின் உணர்வைக் கேட்க வேண்டும் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

கடைசி மறுப்பு எனக்கு மிகவும் நெருக்கமானது. கள்ளைப் போற்றுவது எளிது, ஏறுபவர் வேறொருவர். மேற்குக் கரையில் மரத்துக்கு மரம் கட்டிய தும்புக் கயிற்றில் நடந்து சாறு எடுப்பவர்களுக்கு ஒரு தவறிய அடி போதும். இத்தொழிலின்மேல் சாதி இழிவு சுமத்தப்பட்டது. பிள்ளைகள் அதை விட்டு வெளியேற விரும்புவது முற்றிலும் நியாயமானது. அந்த இழிவையும் ஆபத்தையும் வைத்துக்கொண்டே கள்ளைக் காப்பாற்றும்படி யாரும் சொல்லக்கூடாது. ஆனால் கேரளம் 1969 இலேயே கள்ளுத் தொழிலாளர் நலநிதிச் சட்டம் இயற்றியது. 1996 இல் சாராயத்தைத் தடைசெய்தபோதும் கள்ளுக்கடைகளை விட்டுவைத்தது. எதிரே, தமிழ்நாடு 1987 முதல் கள்ளைத் தடைசெய்து, 2003 இலிருந்து டாஸ்மாக் வழியாக அரசே ஆலை மதுவைச் சில்லறையில் விற்கிறது. பனையும் தென்னையும் ஏறிய கைகள் வேலையிழந்தன, குடி குறையவில்லை. இவ்விரண்டில் எது தொழிலாளியை மதித்தது, எது குடிப்பவரைக் காத்தது என்று வாசகர்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு மரத்துச் சாற்றின் மதிப்பு அதன் தேங்காய்களின் மதிப்பை மிஞ்சும் நாளில்தான் தோட்டக்காரர் சீவ அனுமதிப்பார். தேங்காய் விலை ஏறிக்கிடக்கும் இக்காலத்தில் அதற்குச் சீவுபவரின் கூலி, காப்புறுதி, இயந்திர ஏணி எல்லாவற்றையும் சேர்த்து யோசித்தாக வேண்டும்.

ஆகவே மதுவரித் திணைக்களத்திடமும் நிதி அமைச்சிடமும் வேண்டுவது இவைதான். ஒவ்வொரு போத்தலிலும் மதுசாரம் தென்னையிலிருந்து வந்ததா, பனையிலிருந்தா, கரும்பிலிருந்தா, என்ன விகிதத்தில் என்பதைப் பெரிய எழுத்தில் அச்சிடச் செய்யுங்கள். இனிப்போ செயற்கை வாசமோ சேர்த்த வடிமதுவுக்கு வரிச் சலுகை எதுவும் கொடுக்காதீர்கள். மரத்திலிருந்து இறக்கிய கள்ளைச் செயற்கைக் கள்ளிலிருந்து பிரித்தறியும் எளிய சோதனையை லுணுவில ஆய்வுக்கூடத்தோடு சேர்ந்து ஒவ்வொரு தவறணைக்கும் கொண்டுசெல்லுங்கள். மதுவரி வருமானத்தின் ஒரு பங்கைச் சீவுபவர்களின் காப்புறுதிக்கு ஒதுக்குங்கள். சிலாபம் கரையில் அந்தத் தொழிலைத் தெரிந்த கைகள் இன்னும் இருக்கும்போதே இதைச் செய்யுங்கள்.